ஆய்வுச் சுவரொட்டியும் செய்யுளுறுப்பும்



கவிஞர்கள் கூடியுள்ள அவையில் ஆய்வுச் சுவரொட்டி பேசுபொருளாவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மாநாட்டு மண்டபத்தில் ஒட்டப்படும் ஒரு தாளுக்கும் கவிதைக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றலாம். உறவு உண்டு. இரண்டும் இடம் சிறுத்த வடிவங்கள். எதை விடுவது என்னும் தெளிவு இல்லாதவர் கையில் இரண்டுமே சிதைந்து போகும்.

மாநாடுகளில் கட்டுரை வாசிப்போர் தொகை பெருகி, நேரம் போதாத நிலை ஏற்பட்டபோது தோன்றிய வழக்கம் இது. 1960களின் இறுதியில் ஐரோப்பாவிலும், 1970களில் அமெரிக்காவிலும் அறிவியல் மாநாடுகளில் வேரூன்றிப் பின்னர்ப் பிற துறைகளுக்கும் பரவியது. மண்டபத்தில் பலகைகள் வரிசையாக நிறுத்தப்படும். ஒவ்வொரு பலகையிலும் ஓர் ஆய்வு. அதன் அருகில் அதனைச் செய்தவர். பார்வையாளர் நடந்துகொண்டே பார்ப்பர், விரும்பிய இடத்தில் நிற்பர், ஐயம் வினவுவர். இன்று பெரிதும் வழங்கும் தாளின் அளவு 84 செ.மீ. அகலமும் 119 செ.மீ. உயரமும் ஆகும். மூன்று நான்கு ஆண்டு உழைப்பு அந்தப் பரப்பிற்குள் அடங்க வேண்டும்.

அடக்க முனைவோர் பெரும்பாலும் செய்வது ஒன்றே. ஆய்வேட்டின் முன்னுரை, நோக்கம், கருதுகோள், ஆய்வு முறை, இயல் சுருக்கம், முடிவுரை ஆகிய அனைத்தையும் சிறிய எழுத்தில் நெருக்கி அச்சிட்டு ஒட்டிவிடுகின்றனர். அது சுவரில் தொங்கும் ஆய்வேடே அன்றிச் சுவரொட்டி அன்று. நாற்காலியில் அமர்ந்து படிக்க வேண்டியதை நின்றுகொண்டு படிக்குமாறு பார்வையாளரைப் பணிப்பது அது. அவரோ பணியாமல் அடுத்த பலகைக்குச் சென்றுவிடுகிறார்.

இக்குறையைக் களையத் தமிழ் மரபிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளை வகுக்கிறது. எழுத்து, அசை, சீர், அடி என ஓசை பற்றியவை ஒருபுறமிருக்க, கூற்று, கேட்போர், களன், அளவு, எச்சம், பயன் என்பனவும் அங்கே உறுப்புகளாகவே வைத்து எண்ணப்படுகின்றன. யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எங்கே நிகழ்கிறது, எவ்வளவில் அமைகிறது, எது சொல்லாமல் விடப்படுகிறது, என்ன விளைகிறது என்னும் ஆறு வினாக்கள் இவற்றுள் அடங்கியுள்ளன. தொல்காப்பியர் சுவரொட்டியைக் கருதியவர் அல்லர். ஆயினும் இவ்வாறு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே தாளில் கை வைக்க வேண்டும் என்பதற்கு உலக ஆய்வு வரலாற்றில் ஒரு சிறந்த சான்று உண்டு. அது 1900ஆம் ஆண்டில் பாரிசு நகரில் வைக்கப்பட்டது.

கூற்று

1900 ஏப்ரல் முதல் நவம்பர் வரை பாரிசில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. ஏறத்தாழ 5 கோடிப் பேர் அதனைக் கண்டனர். சேன் ஆற்றங்கரையில் அமைந்த சமூகப் பொருளாதார மாளிகையில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையை விளக்கும் ஒரு பகுதி இடம்பெற்றது. அங்கு முந்நூறுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களும், கறுப்பின எழுத்தாளர்கள் இயற்றிய நூல்களும் வைக்கப்பட்டன. அவற்றுடன் ஏறத்தாழ 60 விளக்க வரைபடங்கள் கையால் வரையப்பெற்று வைக்கப்பட்டன. வரைபடங்களை உருவாக்கும் பணிக்குத் தலைமை ஏற்றவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். 1868இல் பிறந்த அவர், 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. கண்காட்சியின்போது அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார்.

அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். விடுதலை பெற்றாலும் இம்மக்கள் முன்னேற மாட்டார்கள், தேய்ந்து மறைவார்கள் என்று புள்ளிவிவரம் காட்டி எழுதியோர் அக்காலத்தில் இருந்தனர். கறுப்பின மக்கள் பிறரால் அளக்கப்பட்டனர், பிறரால் பேசப்பட்டனர். அந்த நிலையில்தான் அமெரிக்கா முழுவதையும் பற்றிய வரைபடத் தொகுதியின் முதல் தாளில், இவை அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் வழிகாட்டுதலில் கறுப்பின மாணவர்களால் ஆக்கப்பட்டவை என்னும் அறிவிப்பு எழுதப்பட்டது. ஜார்ஜியா மாநிலத்தைப் பற்றிய தொகுதியின் முதல் தாளில் உலகின் இரு அரைக்கோளங்கள் வரையப்பட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டு சென்ற கடல் வழிகள் கோடுகளாகக் காட்டப்பட்டன. ஜார்ஜியா ஒரு விண்மீன் குறியால் சுட்டப்பட்டது.

சங்கப் பாடலின் அடிக்குறிப்பு, பாடல் தலைவியின் கூற்றா தோழியின் கூற்றா என்பதை அறிவித்து, பொருளையே திசை திருப்பிவிடும். பாரிசுத் தாளின் அறிவிப்பும் அத்தகையது. பேசப்பட்டவர்கள் பேசுகிறார்கள் என்பதை முதலில் நிறுத்திவிட்டே எண்கள் தொடங்குகின்றன.

இன்றைய சுவரொட்டிகளில் கூற்று, பல்கலைக்கழக முத்திரை, துறையின் பெயர், நெறியாளர் பட்டங்கள் என்னும் நீண்ட வரிசையாகச் சுருங்கிவிட்டது. இவை வேண்டாதன அல்ல. ஆனால் இவற்றிற்குத் தாளின் அடியில் இடம் போதும். தலைப்பில் நிற்க வேண்டியது ஆய்வாளரின் குரல். அதாவது அவர் கண்டது. 'குறுந்தொகைப் புலவர் பெயர்கள் - ஓர் ஆய்வு' என்பது ஒரு துறையின் பெயர்ப்பலகை. 'தாம் பாடிய தொடராலேயே பெயர் பெற்ற குறுந்தொகைப் புலவர்கள்' என்பது ஒரு கூற்று. செம்புலப்பெயனீராரை அறிந்தவர் இரண்டாம் தலைப்பின்முன் நிற்பார். அறியாதவரும், அது எப்படி என்று கேட்க நிற்பார்.

கேட்போர்

டு பாய்சின் வரைபடங்கள் இரு தொகுதிகளாக அமைந்தவை. ஒன்று ஜார்ஜியா மாநிலத்தைப் பற்றியது. மற்றொன்று அமெரிக்கா முழுவதையும் தழுவியது. இரண்டாம் தொகுதியில் தலைப்புகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சு மொழியிலும் எழுதப்பட்டன. கண்காட்சி பாரிசில் நடந்ததால் வந்த மொழிபெயர்ப்பு மட்டுமன்று இது. கேட்போரை அறிந்த அறிவு வரைபடத்தின் அமைப்பிலும் புகுந்துள்ளது.

எழுத்தறியாமையைக் காட்டும் தாள் இதற்குச் சான்று. அமெரிக்க வெள்ளையரோடு கறுப்பினத்தவரை ஒப்பிடுவதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. டு பாய்சின் தாளோ ருமேனியா, செர்பியா, ருஷ்யா, ஹங்கேரி, இத்தாலி, ஆஸ்திரியா, அயர்லாந்து, பிரான்சு, சுவீடன் என்னும் ஐரோப்பிய நாடுகளின் நடுவே அமெரிக்கக் கறுப்பின மக்களை வைத்தது. மற்றப் பட்டைகள் பச்சை. கறுப்பின மக்களின் பட்டை மட்டும் சிவப்பு. ருஷ்யாவின் பட்டை அதனினும் நீண்டது. ஹங்கேரியின் பட்டை ஏறத்தாழ அதற்கு நிகரானது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்வரை அடிமைகளாயிருந்த மக்களைக் கல்வியற்றவர் என்று எண்ணி வந்த ஐரோப்பியர், தம் கண்டத்திலேயே அவர்களுக்கு நிகரானோரையும் பின்தங்கியோரையும் கண்டனர். வாதம் செய்ய ஒரு வாக்கியமும் தேவைப்படவில்லை.

சுவரொட்டி ஆக்குவோர் கேட்க வேண்டிய வினா இதுவே: எதிரில் நிற்பவருக்கு முன்பே தெரிந்த ஒன்று எது? அதன் அருகில் தம் ஆய்வு முடிவை வைத்தால் பாதி விளக்கம் தேவையற்றதாகிவிடும். மொழியியல் மாநாட்டில் வைக்கும் தாளும், பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் வைக்கும் தாளும் ஒரே ஆய்விலிருந்து பிறந்தாலும் ஒரே தாளாக இருத்தல் இயலாது.

அதே தாளில் இன்றைய கண்ணுக்குத் தெரியும் ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. சிவப்பும் பச்சையும் வேறுபட்டுத் தோன்றாத கண்கள் உண்டு. ஆண்களில் இக்குறை மிகுதி. நிறத்தால் மட்டும் வேறுபடுத்திய செய்தி அவர்களுக்குச் சேராது. டு பாய்சின் தாளில் பெயர்களும் எழுதப்பட்டிருந்தமையால் பொருள் கெடவில்லை. நிறம் எதைச் சொல்கிறதோ அதைச் சொல்லோ கோடோ ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

களன்

சுவரொட்டியின் களன் நடைபாதை. அமைதியான நூலகம் அன்று. ஓசையும் நெரிசலும் உள்ள இடம். தலைப்பை நான்கைந்து மீட்டர் தொலைவிலிருந்து படிக்க முடிய வேண்டும். உட்பகுதியை ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவிலிருந்து படிக்க முடிய வேண்டும். கணிப்பொறித் திரையில் அழகாகத் தோன்றிய எழுத்து சுவரில் எறும்பு வரிசையாகிவிடுவதைப் பலரும் அச்சான பின்னரே அறிகின்றனர். ஒரு பகுதியை மட்டும் உண்மை அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, எட்ட நின்று படித்துப் பார்த்தல் எளிய முன்சோதனையாகும்.

தமிழில் இதற்குத் தனிக் கவனம் தேவை. தமிழ் எழுத்துகளுக்கு மேலே விலங்கும் புள்ளியும், கீழே சுழியும் வளைவும் வரும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் உகரக் குறியும் கீழ்வரியின் புள்ளியும் ஒன்றோடொன்று மோதும். ஆங்கிலத் தாளுக்குப் போதுமான வரி இடைவெளி தமிழ்த் தாளுக்குப் போதாது. மேலும் ஆய்வுத் தமிழில் சொற்கள் புணர்ந்து நீள்வன. ஒரு தாளை நான்கு குறுகிய பத்திகளாகப் பிரித்தால் ஒரு வரிக்கு இரண்டு சொற்களே நிற்கும்; சொல்லிடையே பெரும் பள்ளங்கள் விழும். இரண்டு அல்லது மூன்று பத்திகளே தமிழுக்குப் பொருந்துவன.

அளவு

ஒவ்வொரு பாவுக்கும் உரிய அடியின் அளவைச் செய்யுளியல் வரையறுக்கிறது. அளவு என்பது வெளியிலிருந்து வந்த தடையன்று, வடிவத்தின் உறுப்பு. குறள் வெண்பாவில் ஏழு சீருக்கு மேல் இடமில்லை என்பதற்காக எந்தப் புலவரும் எழுத்தைச் சிறிதாக்கி எட்டாம் சீரை நுழைத்ததில்லை.

பாரிசு வரைபடங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 71 செ.மீ. நீளமும் 56 செ.மீ. அகலமும் கொண்ட அட்டைகள். ஓர் அட்டைக்கு ஒரு செய்தி. அடிமைகள், உரிமை பெற்றோர் ஆகியோரின் விகிதத்தைக் காட்டும் தாளே இவற்றுள் மிகச் சிறந்தது எனலாம். 1790 முதல் 1870 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கு அதில் உள்ளது. தாள் முழுவதும் கருமை. உச்சியில் மட்டும் மெல்லிய பச்சைக் கீற்று. 1790இல் உரிமையுடையோர் நூற்றுக்கு 8 பேர். 1860இல் 11 பேர். எழுபது ஆண்டுகள் அந்தப் பச்சைக் கீற்று ஏறத்தாழ அசையாமல் கிடக்கிறது. 1870இல் கருமை செங்குத்தாக அறுந்து விழ, பச்சை தாளின் அடிவரை இறங்கி நூற்றுக்கு நூறாகிறது. அந்தச் சரிவின்முன் நிற்பவர் உள்நாட்டுப் போரின் வரலாற்றைப் படிக்கவில்லை. ஆனால் எழுபது ஆண்டு அசைவின்மையின் கொடுமையைக் கண்ணால் உணர்கிறார்.

இன்றும் இக்கருத்து மீண்டும் மீண்டும் வற்புறுத்தப்படுகிறது. 2019இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவராக இருந்த மைக் மாரிசன் ஒரு புதிய அமைப்பை முன்வைத்தார். ஆய்வின் முடிவை எளிய மொழியில், பெரிய எழுத்தில், தாளின் நடுவில் ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். ஒரு பக்கம் சுருக்கமான விளக்கம், மறுபக்கம் படங்களும் அட்டவணைகளும். முழுக் கட்டுரையை விரும்புவோர் கைப்பேசியால் படித்துக்கொள்ளக் கியூஆர் குறியீடு. இவ்வமைப்பு விரைவில் பரவியது. சான்றுகளுக்கு இடம் குறைகிறது என்னும் மறுப்பும் எழுந்தது. மறுப்பில் உண்மை உண்டு. நடுவில் ஒரு வாக்கியம் முழங்கி, அதற்குரிய சான்று கண்ணில் படாமற் போனால் அது விளம்பரமாகிவிடும். டு பாய்சின் தாள்களில் இவ்விரண்டும் பிரிந்து நிற்கவில்லை. சான்றே வாக்கியமாக நின்றது.

எச்சம்

சொல்லாமல் விட்டும் பொருள் முடிவு பெறச் செய்வது எச்சம். எதை விட்டால் பார்வையாளர் தாமே நிரப்பிக்கொள்வார், எதை விட்டால் வழி தவறுவார் என்று பிரித்தறிவதே சுவரொட்டியின் கடினமான பகுதி.

ஜார்ஜியாவில் கறுப்பின மக்களுக்கு இருந்த நகர்ப்புறச் சொத்தின் மதிப்பைக் காட்டும் தாளில் ஒரு கோடு 1870 முதல் 1900 வரை ஏறி இறங்குகிறது. கோட்டை மட்டும் வரைந்து விட்டிருந்தால், இறக்கத்திற்கு அம்மக்களின் சோம்பலே காரணம் என்று பகைவர் சொல்லியிருப்பர். எனவே கோட்டின் போக்கிலேயே அரசியல் கலக்கம், கு கிளக்ஸ் வன்முறை, புதிய தொழில் வளர்ச்சி, கும்பல் கொலை, நிதி நெருக்கடி, வாக்குரிமைப் பறிப்பு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் எழுதப்பட்டன. விளக்கவுரை இல்லை, காரணங்களின் பெயர் மட்டுமே. எண்ணுக்கும் வரலாற்றுக்கும் இடையே உள்ள தொடர்பை இணைக்கும் பணி பார்ப்பவருக்கு விடப்பட்டது.

விடக்கூடாததை விட்ட இடமும் அத்தொகுதியில் உண்டு. 1890இல் ஜார்ஜியாவின் கறுப்பின மக்கள் எங்கே வாழ்ந்தனர் என்பதைக் காட்டும் தாள் இன்று உலகப் புகழ் பெற்றது. பெரிய நகரங்களில் 78,139 பேர் பச்சைக் கோடு. அடுத்த நிலை நகரங்களில் 8,025 பேர் நீலம். சிற்றூர் நகரங்களில் 37,699 பேர் மஞ்சள். நாட்டுப்புறத்தில் 7,34,952 பேர் சிவப்பு. சிவப்புக் கோடு தாளில் அடங்காமையால் பெருஞ் சுருளாகச் சுற்றப்பட்டது. கண்ணைக் கட்டி நிறுத்தும் அழகு அதற்கு உண்டு. ஆனால் சுருண்ட கோட்டின் நீளத்தை நேர்கோட்டின் நீளத்தோடு கண்ணால் ஒப்பிட முடியாது. நூற்றுக்கு ஏறத்தாழ 86 பேர் நாட்டுப்புறத்தார் என்னும் விகிதம் அச்சுருளிலிருந்து கிடைப்பதில்லை. எண்கள் எழுதப்பட்டிருப்பதால் தாள் பொய் சொல்லவில்லை. எனினும் அழகு அளவை வென்றுவிட்டது. கவிஞர்களுக்கு இது புதிய செய்தியன்று. எதுகைக்காகப் பொருளை வளைத்த அடி எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், அது வளைந்தது என்பதைப் படைத்தவர் அறிவார்.

பயன்

இவ்வளவு திறத்தோடு ஆக்கப்பட்ட தாள்களால் விளைந்தது என்ன என்னும் வினா தவிர்க்க இயலாதது. கண்காட்சியில் டு பாய்சுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆயின் அத்தாள்கள் யாருக்காகப் பேசினவோ அவர்கள் வாழ்வில் இருள் குறையவில்லை. 1906இல் அட்லாண்டா நகரிலேயே கறுப்பின மக்களுக்கு எதிரான பெருங்கலவரம் நடந்தது. 1908இல் ஜார்ஜியா மாநிலம் அரசியலமைப்புத் திருத்தத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது.

பாரிசுக்கு முன்பே டு பாய்சின் நெஞ்சில் இவ்வினா விழுந்துவிட்டது. 1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளி ஒரு கும்பலால் எரித்துக் கொல்லப்பட்டார். அந்நிகழ்வு குறித்து நிதானமாகச் சான்றுகளை எடுத்துரைக்கும் ஒரு கடிதத்துடன் டு பாய்ஸ் நாளிதழ் அலுவலகம் நோக்கி நடந்தார். வழியில் இருந்த கடையொன்றில் இறந்தவரின் விரல் முட்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன என்னும் செய்தி அவர் காதில் விழுந்தது. அவர் அலுவலகம் செல்லவில்லை; திரும்பிவிட்டார். மனிதர் இவ்வாறு கொல்லப்படும்போது அமைதியான அறிவியலாளராக மட்டும் இருத்தல் இயலாது என்று தாம் உணர்ந்ததைப் பிற்காலத்தில் அவர் எழுதினார். 1910இல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, உரிமைப் போராட்ட இயக்கத்தின் இதழாசிரியரானார்.

ஆனால் அக்கடிதத்திற்கும் அவ்வெளியேற்றத்திற்கும் இடைப்பட்ட காலத்தில்தான் அந்த அறுபது தாள்களும் வரையப்பட்டன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சான்று மட்டும் போதாது என்று அறிந்த கையே, சான்றைச் சிறிதும் திரிக்காமல் வரைந்தது. கும்பல் கொலை என்னும் சொல் சொத்து மதிப்புக் கோட்டின் மீது ஓர் அலறலாக எழுதப்படவில்லை; மற்றக் காரணங்களோடு ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில், தன் ஆண்டுக்கு நேரே எழுதப்பட்டது. வரைந்தவரின் துயரத்தை அறிந்தபின் அந்தச் சொல்லைப் பார்ப்போர்க்கு அதன் அடக்கமே தாங்க இயலாததாகிறது.

தாள்கள் அழியவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவற்றைக் காத்து வைத்துள்ளது. 2018இல் அவை வண்ணத்தில் தனி நூலாகவும் வெளிவந்தன. நூறாண்டுகளுக்குப் பின்னரும் வரைகலை பயில்வோர் அவற்றின்முன் நிற்கின்றனர்; நின்றவர் ஜார்ஜியாவின் வரலாற்றையும் அறிந்தே நகர்கின்றனர். சுவரொட்டியின் பயன் உடனே விளையாமற் போகலாம். ஆயினும் விளைய வேண்டுமானால் தாளில் பொய் இருத்தல் கூடாது.

நிறைவாக

இவற்றால் ஆய்வுச் சுவரொட்டிக்கு ஒரு செய்முறை கிடைக்கிறது. முதலில் ஆய்வு கண்டதை ஒரே வாக்கியத்தில் எழுதுதல். அதனைத் துறை சாராத ஒருவரிடம் காட்டி, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் செய்தல். பின்னர் அவ்வாக்கியத்திற்கு இன்றியமையாத சான்று ஒன்றை, இயலுமாயின் ஒரே படத்தை, தேர்தல். கேட்போருக்கு முன்பே தெரிந்த ஒன்றை அதன் அருகில் வைத்தல். களத்தின் தொலைவுக்கேற்ப எழுத்தின் அளவை வகுத்தல். எஞ்சிய பரப்பை நிரப்பாமல் வெறுமையாக விடும் துணிவு கொள்ளுதல். வண்ணமும் அலங்காரமும் இவற்றிற்குப் பின்னரே வரவேண்டும்.

ஒன்று மட்டும் தாளுக்கு வெளியே நிற்கிறது. பணம் மிகக் குறைவாக இருந்தும் டு பாய்ஸ் கப்பலின் கீழ்த்தட்டில், மிகக் குறைந்த கட்டணத்தில் கடல் கடந்து பாரிசு சென்றார். வரைபடங்கள் சுவரில் ஏறுவதைத் தாமே நின்று பார்த்துக்கொண்டார். சுவரொட்டியின் அருகில் ஆய்வாளர் நிற்கும் வழக்கம் ஒரு சடங்கன்று. தாளில் விட்ட எச்சத்தைப் பற்றி யாரேனும் கேட்டால் விடை சொல்ல ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதே அதன் பொருள். அவ்வாறு நின்று விடை சொல்ல இயலாத எதையும் தாளில் எழுதாதிருத்தலே அக்கலையின் முதல் இலக்கணம்.